பனிக்கு எத்தனை ஆங்கிலச் சொல்? மலையில் இருந்தபடி சொல்வளம் பெருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜனவரி விடியற்காலையில் ஊட்டிப் பக்கத்துத் தலைகுந்தா புல்வெளி வெள்ளைவெளேரென்று கிடக்கும். படம் பிடிக்க வரும் வெளியூர்க்காரரிடம் வண்டி ஓட்டுகிறவர் ‘ஸ்னோ சார், ஸ்னோ’ என்பார். அது ஸ்னோ இல்லை. ஸ்னோ மேலேயிருந்து விழுவது. ஊட்டியில் நடப்பது வேறு: இரவில் தரை சில்லிட்டுப்போய், காற்றிலுள்ள ஈரம் புல்லின்மேலேயே உறைந்து படிகிறது. அதற்குப் பெயர் ஃப்ராஸ்ட். குளிர் அவ்வளவு இல்லாவிட்டால் அதே ஈரம் துளியாக நிற்கும், அது டியூ. சாலையை மறைத்துக்கொண்டு வருவது ஃபாக். அதைவிட மெல்லியது மிஸ்ட். வானிலைத் துறையில் இந்த இரண்டுக்கும் கணக்கே உண்டு: ஒரு கிலோமீட்டருக்குள் பார்வை மறைந்தால் ஃபாக், அதற்கு மேலும் தெரிந்தால் மிஸ்ட்.

உறைபனி, மூடுபனி, பனித்துளி என்று பிரித்துச் சொல்லத் தமிழிலும் வழி இருக்கிறது. ஆனால் நோட்டில் ‘ஃப்ராஸ்ட் – பனி’, ‘ஸ்னோ – பனி’, ‘டியூ – பனி’ என்று எழுதி உருப்போட்டவருக்கு அந்தப் பிரிவு போய்ச்சேராது. எதிர்த்திசையிலும் இதே சிக்கல்தான். அரிசியும் ரைஸ், சோறும் ரைஸ். குளிரும் கோல்ட், சளியும் கோல்ட். ‘ஐ ஆம் கோல்ட்’ என்றால் குளிர்கிறது; ‘ஐ ஹேவ் எ கோல்ட்’ என்றால் சளி பிடித்திருக்கிறது; ‘ஷி இஸ் கோல்ட்’ என்றால் அந்த அம்மாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும் ஆகும்.

ஆகவே முதல் வேலை, நடுவில் கோடு கிழித்து இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று எழுதும் அந்த நோட்டை மூடி வைப்பது. சொல்லை அது வரும் வாக்கியத்தோடும், கூட வரும் சொற்களோடும் பிடிக்க வேண்டும். கீழே உள்ள முறை அதற்குத்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும், போட்டித் தேர்வு எழுதுகிறவருக்கும், காட்டேஜ் நடத்துகிறவருக்கும் முறை ஒன்றே. எடுக்கும் சொற்கள்தான் மாறும். இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். நீங்கள் எழுதும்போது ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

எந்தச் சொற்களை எடுப்பது

ஆங்கிலத்தில் லட்சக்கணக்கில் சொற்கள் உண்டு. பயப்பட வேண்டாம், எல்லாம் ஒரே அளவில் புழங்குவதில்லை. டாக்காவில் ஆசிரியராக இருந்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் சுமார் 2,000 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார். பொதுவான எழுத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 சொற்கள் அந்தப் பட்டியலுக்குள்ளேயே அடங்கிவிடும். 2000ஆம் ஆண்டில் அவெரில் காக்ஸ்ஹெட் வெளியிட்ட பட்டியல் 570 சொற்குடும்பங்கள் கொண்டது; கல்லூரிப் பாடநூல்களில் அடிக்கடி வருபவை. இன்றைய தேவைக்கு ஆக்ஸ்ஃபோர்டு 3000 என்ற பட்டியல் வசதி, இலவசமாகக் கிடைக்கிறது. கடைசிப் பக்கத்திலிருந்து தேடிப்பிடித்து யாருக்கும் தெரியாத சொல்லை மனப்பாடம் செய்வது தேர்வுப் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் வீண் வேலை.

பட்டியலை அகர வரிசையில் படிக்காதீர்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் இருபது சொற்கள் அடுத்தடுத்து வந்தால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். பட்டியலை ஓட்டிப் பார்த்து, ‘கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் சொல்லத் தெரியாது’ என்ற நிலையில் உள்ளவற்றை மட்டும் டிக் செய்யுங்கள். அவைதான் சீக்கிரம் பிடிபடும்.

இரண்டாவது ஊற்று உங்கள் தெரு. மலைப்பாதையில் நிற்கும் பலகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஹேர்பின் பெண்ட் என்ற சொல் ஓட்டுநர் எல்லோருக்கும் தெரியும். அதே பாதையில் ஸ்டீப், கிரேடியன்ட், டிசெண்ட், ப்ரோன், காஷன் என்று ஒரு மாதத்துக்கான சொற்கள் நிற்கின்றன. கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே பற்சக்கரத்தைப் பிடித்து ரயில் ஏறும் இடத்தில் சரிவு 12க்கு 1 வரை போகிறது. அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம். கிரேடியன்ட் என்றால் என்ன என்று அந்த ஒரு கணக்கு சொல்லிவிடும்.

மூன்றாவது, படிக்கும்போது இரண்டு தடவை குறுக்கே வந்த சொல். ஒரே தடவை வந்ததை விட்டுவிடுங்கள். முக்கியமான சொல் என்றால் அதுவே திரும்ப வரும்.

ஒரு நாளைக்கு எத்தனை

ஏழு. வாரத்தில் ஐந்து நாள். சனியும் ஞாயிறும் புதிய சொல் கிடையாது, பழையவை மட்டும். வாரத்துக்கு 35, வருடத்தில் இரண்டு வாரம் விட்டுப்போனாலும் 1,750. அட்டை எழுத 12 நிமிடம், பழையதைப் பார்க்க 10 நிமிடம் போதும். ஆரம்ப வேகத்தில் ஐம்பது எடுக்கத் தோன்றும். எடுத்தால் மூன்றாவது வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டியது மலைபோல் குவிந்து, பெட்டி பரணுக்குப் போய்விடும்.

அட்டை

வழக்கமான சார்ட் பேப்பர் 56க்கு 71 சென்டிமீட்டர் இருக்கும். அதை 7க்கு 10 சென்டிமீட்டராக வெட்டினால் 56 அட்டை வரும். ஒன்றரை வாரத்துக்கு மேல் தாங்கும். வெளிர் நிறமாக வாங்குங்கள், பின்பக்க எழுத்து முன்னால் தெரியாத தடிமனில். ஜூன் மாதத்திலிருந்து மலையில் ஈரம் ஏறும். கூடலூர்ப் பக்கம் சொல்லவே வேண்டாம். இங்க் பேனாவும் ஜெல் பேனாவும் பரவிவிடும், பால்பாயிண்ட்தான் சரி. வெளியே விட்டால் அட்டை நமுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். மூடி இறுகும் பிஸ்கட் டின் ஒன்று போதும்.

இனி எழுதுவது. சாலையோரப் பலகையில் வரும் ‘ப்ரோன்’ என்ற சொல்லை எடுப்போம்.

முன்பக்கம் ஆங்கில வாக்கியம், சொல் வரும் இடத்தில் கோடு: ‘திஸ் ரோட் இஸ் ____ டு லேண்ட்ஸ்லைட்ஸ்’. சொல்லின் முதல் எழுத்தை மட்டும் குறிப்பாகக் கொடுக்கலாம்.

பின்பக்கம் நான்கே வரி. முதல் வரியில் சொல், அழுத்தம் விழும் அசையின் கீழ் கோடு. இரண்டாவது வரியில் தமிழில் பொருள், சொல்லாக அல்ல, விளக்கமாக: ‘வேண்டாத ஒன்று எளிதில் நேரக்கூடிய நிலையில் உள்ள’. மூன்றாவது வரியில் கூட்டாளிகள்: பின்னால் ‘டு’ வரும், ஆக்ஸிடெண்ட்-ப்ரோன் என்று ஒட்டியும் வரும். நான்காவது வரியில் உங்கள் சொந்த வாக்கியம், உங்கள் ஊர்ப் பெயரோடு.

அந்த இரண்டாவது வரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘உள்ளாகும்’ என்று மட்டும் எழுதினால், ‘ஐ ஆம் ப்ரோன் டு சக்சஸ்’ என்று பேசத் தோன்றும். நல்லதற்கு இந்தச் சொல் வராது. இதற்குக் ‘குப்புறப் படுத்த’ என்ற இன்னொரு பொருளும் உண்டு. அதை இந்த அட்டையில் எழுதாதீர்கள். எந்தப் பொருளில் சந்தித்தீர்களோ அது மட்டும். மற்றது வரும்போது தனி அட்டை.

அகராதியை எப்படிப் பார்ப்பது

ஆங்கிலம்–தமிழ் அகராதியை முதலில் திறக்காதீர்கள். கற்போருக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில அகராதிகள் உண்டு. லாங்மேன் அகராதியில் விளக்கங்கள் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் எழுதப்பட்டவை. அதைப் பார்த்துவிட்டு, பிடிபட்டதைச் சரிபார்க்க மட்டும் தமிழ் அகராதிக்கு வாருங்கள். எஸ்டேட் பக்கம் சிக்னல் வந்தும் வராமலும் இருக்கும் என்பதால், இணையம் இல்லாமல் திறக்கும் அகராதிச் செயலியை டவுன் பக்கம் போகும்போது இறக்கிக்கொள்வது நல்லது.

‘ஸ்டீப்’ என்று தேடுங்கள். முதலில் சொல் வகை: பெயரடை. பொருள் ஒன்று, செங்குத்தான, சாலைக்கும் சரிவுக்கும். பொருள் இரண்டு, அநியாய விலை. சீசனில் ரூம் வாடகைக்குப் பொருத்தமான சொல். அதற்குக் கீழே தனியாக ஒரு வினைச்சொல்: கொதிநீரில் தேயிலையைப் போட்டு ஊறவிடுவது. தேயிலைத் தோட்டத்து வழியாகச் செங்குத்தாக ஏறி வந்து டீ ஊறவைக்கும்வரை ஒரே எழுத்துக்கூட்டு. முதல் பொருளைப் பார்த்ததும் அகராதியை மூடுகிறவர், டீ பாக்கெட்டின் பின்னால் ‘ஸ்டீப் ஃபார் த்ரீ மினிட்ஸ்’ என்று பார்க்கும்போது விழிப்பார். விதி எளிது: நீங்கள் படித்த வாக்கியத்தில் சொல் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள், பிறகு அந்த வகைக்குக் கீழே உள்ள பொருள்களை மட்டும் ஒவ்வொன்றாக வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்துவதை எடுங்கள்.

பெட்டி

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885இல் தன்னையே சோதித்து வெளியிட்ட முடிவு இன்றும் நிற்கிறது: படித்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே போய்விடுகிறது, பிறகு மறதியின் வேகம் குறைகிறது. அதனால் ஆரம்பத்தில் அடிக்கடியும் பிறகு விட்டுவிட்டும் பார்க்க வேண்டும். இதைப் பெட்டியாக்கியவர் லைட்னர், 1972இல்.

டின்னை ஐந்து அறையாகத் தடுத்துக்கொள்ளுங்கள். புது அட்டை முதல் அறைக்கு. முதல் அறையைத் தினமும் பாருங்கள், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்குத் திரும்ப வேண்டும். ஐந்தாவதில் தேறியது வெளியே.

திருப்பிப் பார்ப்பதற்கு முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதுதான் முறையின் உயிர். அட்டையைத் திருப்பி, ‘ஆமாம், தெரியும்’ என்று தலையாட்டுவது நினைவுகூர்தல் அல்ல, அடையாளம் காண்பது. பத்து விநாடி யோசியுங்கள், வராவிட்டால் தோல்வி, முதல் அறை. பாதி சரி என்று எதுவும் இல்லை.

தவறே இல்லாவிட்டால் ஒரு நாளைக்குச் சராசரி 25 அட்டை வரும். தவறுகளையும் சேர்த்தால் 35. ஐம்பதைத் தாண்டினால் புதிய சொல்லை நிறுத்திவிட்டு முதல் அறையை வடியவிடுங்கள். கைபேசியில் செய்ய விரும்பினால் ஆன்கி செயலி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் பிறர் தயாரித்த ஆயிரம் அட்டைகளை அப்படியே இறக்கிப் படிப்பதில் பயன் குறைவு. அட்டை எழுதும் 12 நிமிடத்திலேயே பாதிப் படிப்பு முடிந்துவிடுகிறது.

கூட்டாளிச் சொற்கள்

‘பலத்த மழை’, ‘பலத்த காற்று’. தமிழில் இரண்டுக்கும் ஒரே பலத்த. ஆங்கிலத்தில் மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங். ஃபாக்குக்கு திக் அல்லது டென்ஸ். டீ ஸ்ட்ராங்காக இருக்கலாம், மழை ஸ்ட்ராங்காக இருக்காது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, பழக்கம், அவ்வளவுதான். நாமும் ‘காப்பி போடு’ என்கிறோம், ‘சட்டை போடு’, ‘சண்டை போடு’, ‘கையெழுத்துப் போடு’ என்கிறோம். ஒவ்வொரு ‘போடு’வுக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு வினை: மேக், வேர், ஃபைட், சைன். அதனால்தான் மூன்றாவது வரியை அட்டையில் காலியாக விடக் கூடாது. பெயர்ச்சொல் என்றால் முன்னால் வரும் பெயரடையும் வினையும். வினை என்றால் பின்னால் வரும் முன்னிடைச்சொல் (ப்ரெபோசிஷன்).

ஏற்கெனவே பேசும் ஆங்கிலம்

நம் பேச்சில் உள்ள ஆங்கிலச் சொற்கள் இலவச முதல் மாதிரித் தெரியும். பாதி உண்மை. ‘இன்னிக்கு க்ளைமேட் செம்ம’ என்று கோடைக்கானல் ஏரிக்கரையில் சொல்லாதவர் கிடையாது. க்ளைமேட் என்பது ஒரு இடத்தின் பல வருடச் சராசரி. இன்றைக்கு இருப்பது வெதர். சீசன் என்றால் நமக்கு ஏப்ரல்–மே கூட்டம். ஆங்கிலத்தில் அது பருவம். ‘ப்ளம்ஸ் ஆர் இன் சீசன்’ என்றால் ப்ளம்ஸ் காய்ப்பு நேரம். வினையாக வந்தால் உப்பும் மிளகும் சேர்ப்பது. ஹோட்டல் நமக்குச் சாப்பிடும் இடம், அவர்களுக்குத் தங்கும் இடம். பார்சல் நமக்குப் பொட்டலம் கட்டிய பிரியாணி, அவர்களுக்குத் தபாலில் வருவது.

தேயிலைத் தொழிலில் உள்ளவர்களிடம் ஒரு சொற்சுரங்கமே இருக்கிறது. டஸ்ட் என்பது தூசி என்று பள்ளியில் படித்தோம். டஸ்ட் டீ என்றால் பொடி ரகம், அதில் தூசி எதுவும் இல்லை. கொழுந்து துளிர்க்கும் பருவம் ஃப்ளஷ். கழிவறையில் தண்ணீர் அடிப்பதும் ஃப்ளஷ். வெட்கத்தில் முகம் சிவப்பதும் ஃப்ளஷ். திடீரென்று ஒன்று பாய்ந்து வரும் எண்ணம் மூன்றிலும் ஓடுகிறது. கவாத்துக்கு ப்ரூன். இலையை வாட வைப்பது விதரிங். சாதாரணமாகப் பூ வாடுவதும் விதர்தான். சி.டி.சி. (க்ரஷ், டேர், கர்ல்) என்பதில் நடுவில் உள்ள சொல் டேர், கிழிப்பது; அதே எழுத்துக்கூட்டைக் கண்ணீருக்கு டியர் என்று படிக்க வேண்டும்.

சிறு விவசாயிகள் கொழுந்து கொண்டுபோய்ப் போடும் ‘பாட் லீஃப் ஃபேக்டரி’யைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பாட் என்பது ‘வாங்கு’ என்பதன் மூன்றாம் வடிவம். இங்கே பெயரடையாக நின்று ‘வாங்கிய இலை’ என்கிறது. யூஸ்டு கார், ஃப்ரோஸன் பீஸ், ப்ரோக்கன் டீ எல்லாம் இதே அச்சு. வினையின் மூன்றாம் வடிவத்தைப் படிக்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள், ஒரு சொல் இரண்டாகும்.

சொல்லை உடைத்துப் பார்ப்பது

போர்ட் என்ற லத்தீன் வேருக்குச் ‘சுமப்பது’ என்று பொருள். இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட், போர்ட்டபிள் எல்லாம் அதிலிருந்து. இப்படி முப்பது நாற்பது வேர்கள் தெரிந்தால் ஊகிக்கலாம். ஊகித்ததை மட்டும் நம்பிவிடாதீர்கள். மலையேறும் டேங்கர் லாரியின் பின்னால் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். ‘இன்’ என்றால் எதிர்மறை என்று படித்தவர், தீப்பிடிக்காது என்று நினைத்துவிடுவார். நேரெதிர்: சட்டென்று தீப்பற்றும். இங்கே ‘இன்’ எதிர்மறை அல்ல, ‘உள்ளே’.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதாதீர்கள்

‘பேக்’ என்று எழுதி வைத்தால் அது பையா, முதுகா, அடுப்பில் சுடுவதா, மூட்டை கட்டுவதா? ‘சில்லி’ என்றால் மிளகாயா, குளிரா, அசட்டுத்தனமா? முதல் இரண்டுக்கும் ஒரே ஒலி, எழுத்துக்கூட்டு வேறு. மூன்றாவதற்கு ஒலியே வேறு. நம் எழுத்து நம் மொழிக்குக் கச்சிதமானது, ஆங்கில ஒலிக்கு ஆனதல்ல. அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தி மூன்று தடவை கேட்டு, மூன்று தடவை சொல்லி, அழுத்தம் எங்கே என்று கோடு போடுங்கள். அழுத்தம் மாறினால் சொல்லே மாறும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும். அனுமதிச் சீட்டு என்ற பொருளில் பர்மிட் என்பதற்கு முதல் அசையில் அழுத்தம், அனுமதி கொடு என்ற வினைக்கு இரண்டாவது அசையில்.

படிப்பதும் பேசுவதும்

ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கத்திலிருந்து தொடங்கு என்று எல்லோரும் சொல்வார்கள். தொடக்கநிலைக்கு அது சரிப்படாது. நூறு சொல்லை எண்ணுங்கள். தெரியாதவை இரண்டுக்குள் என்றால் படிக்கலாம், ஐந்தைத் தாண்டினால் தள்ளி வையுங்கள். மண்சரிவில் மலை ரயில் ரத்து, காய்கறி விலை, யானை ஊருக்குள் புகுந்தது போன்ற உள்ளூர்ச் செய்திகளை முதலில் தமிழ்ப் பத்திரிகையில் படித்துவிட்டு, அதே செய்தியை ஆங்கிலத்தில் படியுங்கள். நடந்தது தெரியும் என்பதால் கவனம் முழுக்கச் சொல்லின்மேல் நிற்கும்.

சனிக்கிழமை அந்த வாரத்து 35 அட்டையில் பத்தை எடுத்து ஒரு பக்கம் எழுதுங்கள், அல்லது கைபேசியில் மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். ஊட்டி, கோடைக்கானல்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. வழி கேட்கும் பயணிக்குப் பஞ்சமே இல்லை.

எங்கே தவறும்

கட்டுரையின் தொடக்கத்தில் ஃபாக், மிஸ்ட், ஃப்ராஸ்ட், டியூ எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தோம். விளக்குவதற்கு அது சரி. மனப்பாடத்துக்கு வேண்டாம். நெருங்கிய பொருளோ எதிர்ப்பொருளோ உள்ள இரண்டை ஒரே நாளில் எடுத்தால், எது எது என்பதில் குழப்பம் வந்து அது நீண்ட நாள் போகாது. இம்போர்ட்டும் எக்ஸ்போர்ட்டும் பலருக்கு இன்னும் தடுமாறுவது இதனால்தான். ஃபாக் மூன்றாவது அறைக்குப் போன பிறகு மிஸ்ட்டை எடுங்கள்.

ஒரே அட்டை நாலைந்து தடவை முதல் அறைக்குத் திரும்பினால் குறை நினைவில் இல்லை, அட்டையில். வாக்கியம் புரியாததாகவோ, பொருள் இரண்டு கலந்ததாகவோ இருக்கும். கிழித்துப்போட்டு வேறு வாக்கியத்தில் புதிதாக எழுதுங்கள். அப்படியும் வராவிட்டால் ஆறு மாதம் தள்ளி வையுங்கள்.

ஒரு வாரம் விட்டுப்போனால் எல்லா அறையையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம். முதலிரண்டு அறையை மட்டும் பாருங்கள், மூன்றாவதை மறுநாள், மற்றவற்றை அதற்கு மறுநாள். புதிய ஏழு சொல்லை அடுத்த திங்கட்கிழமை தொடங்கினால் போதும்.